நாலாவது வரி

அந்த ஊசியைப் போட்டு முடிக்கப் பத்து விநாடிதான் ஆனது. அந்தப் பத்து விநாடிக்காக ஒரு டாக்டர் கொலைகாரி என்று பெயர் வாங்கி, பன்னிரண்டு நாட்களாக வேலையிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டு, ஆஸ்பத்திரிக் குடியிருப்பின் சின்ன அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்தொன்பது. மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. பதினொரு மணிக்கெல்லாம் அவள் டாக்டராக இருக்கமாட்டாள் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு.

எதிரே வக்கீலம்மா உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருடம் கோர்ட்டில் வாதாடி அலுத்துப்போய், கறுப்பு அங்கியை ஆணியில் மாட்டிவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். அங்கி போனாலும் பெயர் போகவில்லை. அவருக்குப் பக்கத்தில் உதவியாளன் சுருட்டை. அது தலைமுடியால் வந்த பெயர். வாயால் வந்த பெயர்களும் சில உண்டு. அச்சில் போட முடியாது.

நடந்ததை டாக்டர் வரிசையாகச் சொன்னாள். அன்றைக்குக் காலை பத்தே முக்கால் மணிக்கு அட்டை ஆலையின் கார் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் வந்து நின்றது. பின் ஸீட்டில், ஆலைக்குப் பரிசோதனைக்கு வந்திருந்த பாய்லர் இன்ஸ்பெக்டர். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நெஞ்சின் நடுவிலிருந்து தாடை வரை வலி. கூட வந்தவர் ஆலை மேனேஜர். ஏழாவது நிமிஷத்தில் இ.சி.ஜி. காகிதம் டாக்டர் கைக்கு வந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, இதயத்துக்குப் போகும் பெரிய குழாய் ஒன்று முழுவதுமாக அடைத்திருந்தது. அந்த அடைப்பைக் கம்பி விட்டுத் திறக்கும் வசதி உள்ள ஆஸ்பத்திரி மலைப்பாதையில் மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தது. அதுவரை காத்திருந்தால் இதயத்தில் பாதி செத்துவிடும். கையில் இருந்த ஒரே வழி, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. அதை அரை மணிக்குள் போட வேண்டும். அவள் இருபத்தோராவது நிமிஷத்தில் போட்டாள்.

போடுவதற்கு முன்னால் ஒரு பக்கம் நிறையக் கேள்விகள் உண்டு. நோயாளி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வலிக்குப் போட்ட மருந்தில் கண் சொருகியிருந்தது. முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடி. அதனால் கேள்விகளைக் கூட வந்தவரிடம் கேட்டாள். தலைக்குள் எப்போதாவது ரத்தம் கசிந்ததா என்பது அதில் முக்கியமான கேள்வி. மேனேஜர் இல்லை என்றார். அவள் இல்லை என்று எழுதினாள்.

நாற்பது நிமிஷம் கழித்து இன்ஸ்பெக்டரின் மனைவி ஓடிவந்தார். ஏழு வருடத்துக்கு முன்னால் கணவருக்கு மூளையில் ரத்தக்கசிவு வந்து பிழைத்ததைச் சொன்னார். அதற்குள் மருந்து உடம்பு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்குத் தலை வலிக்கிறது என்று முனகினார் மனுஷன். அதற்குப் பிறகு எதுவுமே சொல்லவில்லை.

இப்போது மேனேஜர் விசாரணைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருப்பது வேறு. அந்த மனிதரை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், அவர் உடம்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, டாக்டரிடம் ‘தெரியாது’ என்றுதான் சொன்னேன், அவசரத்தில் அவர் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார். கீழே அழகான கையெழுத்து.

“அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை கூடாம, குறையாம,” என்றார் வக்கீலம்மா.

டாக்டர் கண்ணை மூடி யோசித்தாள். “நான் கேட்டதும் உடனே பதில் சொல்லல. ‘இருந்தா என்ன ஆகும்?’னு கேட்டார். இருந்தா இந்த மருந்தைத் தொடவே கூடாது, மூளைக்குள்ள மறுபடி கசிஞ்சு உயிர் போயிடும்னு சொன்னேன். அவர் இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் ‘இல்ல டாக்டர், அதெல்லாம் எதுவும் இல்ல’ன்னார். பாவம், பயந்துட்டார்னு நினைச்சேன்.”

வக்கீலம்மா பேனாவை மூடினார். “இல்லாத ஒண்ணைப் பத்தி, இருந்தா என்ன ஆகும்னு யாரும் கேக்க மாட்டாங்கம்மா.”

“கேள்வி நல்லாத்தான் இருக்கு மேடம்,” என்றான் சுருட்டை. “ஆனா கேட்ட சாட்சி அந்த ரூம் சுவரு மட்டும்தான். அதைக் கூண்டுல ஏத்த முடியாது.”

அவன் சொன்னதும் சரிதான். டாக்டரின் வாய்க்கும் மேனேஜரின் வாய்க்கும் நடுவில் வேறு வாய் இல்லை. வக்கீலம்மா கேஸ் ஷீட்டின் நகலை வாங்கி மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். வயது 51. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. விரல் அங்கேயே நின்றது. இதையெல்லாம் யார் சொன்னது என்று கேட்டார். மேனேஜர்தான் என்று சொல்லிவிட்டு டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டு நாளில் அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்கவில்லை.

“ஒண்ணும் தெரியாத மனுஷனுக்கு பென்சிலின் வரைக்கும் தெரிஞ்சிருக்கு,” என்றான் சுருட்டை. “என் சம்சாரத்துக்கு என்ன ஒத்துக்காதுன்னு எனக்கே தெரியாது, என்னைத் தவிர.”

வெளியே நடைபாதையில் அன்றைக்கு வேலையில் இருந்த நர்ஸைப் பிடித்தார்கள். ஊசி மருந்தை எடுக்க அலமாரிக்குப் போனதால் கேள்வி பதில் எதுவும் தன் காதில் விழவில்லை என்றாள். திரும்பி வரும்போது பார்த்தது ஒன்று மட்டும் மனதில் நிற்கிறதாம். இன்ஸ்பெக்டர் வலது கையைத் தூக்கித் தன் தலையைத் தொட முயன்றார். மேனேஜர் அந்தக் கையைப் பிடித்துக் கட்டிலோடு அழுத்திக்கொண்டு, ஒன்றும் ஆகாது சார், ஒன்றும் ஆகாது சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

“நல்ல மனுஷன்னு நினைச்சேன் மேடம்,” என்றாள் நர்ஸ். “ஆனா ஊசி ஏத்தி முடிச்சதும் கையை விட்டுட்டார். அதுக்கப்புறம் பிடிக்கவே இல்ல.”

காருக்கு நடக்கும்போது சுருட்டைக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆலைக் காரில் வரும் வழியிலேயே இன்ஸ்பெக்டர் தன் வியாதிகளை மேனேஜரிடம் சொல்லியிருக்கலாமே என்றான். சர்க்கரை, பென்சிலின் வரை சொல்லிவிட்டு வலியில் மிச்சத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். மேனேஜர் தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் கிளப்புவான். வக்கீலம்மா தலையாட்டினார். அவரையும் அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டரின் வீட்டில் அவருடைய மனைவி கதவை முழுவதும் திறக்கவில்லை. டாக்டருக்காக வந்திருக்கிறீர்களா என்று கேட்டு, ஆமாம் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வக்கீலம்மா கெஞ்சவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. கேஸ் ஷீட் நகலை நீட்டி, இதில் ஏதாவது தப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“வயசைக்கூடத் தப்பா எழுதியிருக்காங்க. அவருக்கு அம்பத்தேழு. வர்ற மாசம் ரிட்டயர்மென்ட். அம்பத்தொண்ணாம்.” காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். “வயசு தெரியாதவங்க கையிலதான் அவர் உயிரு இருந்திருக்கு.”

வக்கீலம்மா ஐம்பத்தொன்று என்ற எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இன்ஸ்பெக்டரின் கையெழுத்து உள்ள காகிதம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். பால்காரருக்கு எழுதி வைத்த சீட்டு ஒன்று அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தது. தேதி ஏழு. ஏழின் தலையில் கோடே இல்லாத மாதிரி, மொட்டைக் குச்சியாக இழுத்திருந்தார் மனுஷன்.

இன்னொரு விஷயமும் அங்கே கிடைத்தது. அன்றைக்குக் காலை ஆலையிலிருந்து கணவர் வீட்டுக்கு போன் பண்ணியிருந்தார். இன்றைக்கு ஒரு பாய்லரை நிறுத்தப் போகிறேன், பெரிய சண்டையாகும், சாப்பாட்டுக்குக் காத்திருக்காதே என்றார். மறுநாள் ஆலையிலிருந்து அவருடைய பை வந்தது. கண்ணாடி, டார்ச், குடை எல்லாம் இருந்தன. பரிசோதனைக் குறிப்பெழுதும் சிவப்பு நோட்டு இல்லை.

“அந்த பாய்லரை நிறுத்திட்டாங்களாம்மா?” என்று கேட்டான் சுருட்டை.

அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஆலையின் கேட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. பதில் கேட்டிலேயே கிடைத்துவிட்டது. புகைபோக்கி முழு மூச்சில் புகைத்துக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து முப்பது அடி தள்ளி நின்றாலும் செருப்புக்கு அடியில் தரை மெல்ல அதிர்ந்தது. சுருட்டை காரின் கதவில் விரலை நசுக்கிக்கொண்டு அலறினான். உள்ளே நுழைய ஒரு சாக்காக நடிக்கத்தான் சொல்லியிருந்தார் வக்கீலம்மா. அவன் உண்மையிலேயே நசுக்கிக்கொண்டான். காவலாளி பதறிப்போய் இருவரையும் ஆலையின் முதலுதவி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே இருந்த ஆலை நர்ஸுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பேசாமல் கட்டுப் போட்டாள். மேஜையில், கிழித்துக் கொடுக்கும் தாள்களைக் கட்டாகத் தைத்த புத்தகம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு தாளுக்கும் அடியில் நீலக் கார்பன். வக்கீலம்மா அதைப் பார்த்துவிட்டு, பாய்லருக்குள் இறங்குகிறவர்கள் இதில் எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று சும்மா விசாரிப்பது போலக் கேட்டார். ஆமாம் என்றாள் நர்ஸ். உள்ளே மயங்கி விழுந்தால் உதவும் என்பதற்காக ஒவ்வொருவரும் வயது, வியாதி, ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாம் தன் கைப்பட எழுதியாக வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது.

“பாய்லர் இன்ஸ்பெக்டரும் எழுதினாரா?” என்றார் வக்கீலம்மா.

நர்ஸ் கதவைப் பார்த்தாள். எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தாள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததும் ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கக் கொடுத்தவள் அவள்தான். காரில் ஏற்றும்போது அவர் எழுதிய தாளைக் கிழித்து, டாக்டரிடம் கொடுங்கள் என்று ஜன்னல் வழியாக மேனேஜரின் கையில் கொடுத்தாள். கொடுத்திருப்பார் என்றே நம்பினாள். டாக்டர் மேல் பழி வந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. ஒரு தடவை மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தாள். எந்தத் தாள் என்று திருப்பிக் கேட்டார் அவர். அவர் பார்த்த பார்வையில் அதற்கு மேல் கேட்கத் தைரியம் வரவில்லை.

“இன்ஸ்பெக்டர் எதுக்காக பாய்லரை நிறுத்தச் சொன்னார்?”

“பிரஷர் ஏறினா தானாத் திறந்து நீராவியை வெளிய விடுற வால்வு ஒண்ணு இருக்கு மேடம். அது அடிக்கடி திறந்து வேலை நின்னுபோகுதுன்னு, கம்பியால இறுக்கிக் கட்டி வச்சிருக்காங்க. மேனேஜர் சொல்லித்தான் கட்டினாங்க. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துட்டார்.” அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். “இன்னும் அப்படியேதான் இருக்கு. என் வீட்டுக்காரர் அதுக்குப் பக்கத்துலதான் எட்டு மணி நேரம் நிக்கிறார்.”

மேஜை மேலிருந்த மருந்துப் புட்டிகள் ஒன்றோடொன்று உரசி விடாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. சுருட்டை அவற்றைப் பார்த்தான். பிறகு கதவுக்கு எத்தனை அடி என்று கண்ணால் அளந்தான்.

நர்ஸ் அந்தப் புத்தகத்தைப் புரட்டி ஒரு தாளில் நிறுத்தினாள். மேல் தாள் கிழிக்கப்பட்டிருந்தது. அடியில் கார்பன் பிரதி நீல எழுத்தில் தெளிவாக இருந்தது. ஐந்து வரி. முதல் வரி பெயர். இரண்டாவது வரி வயது. யார் பார்த்தாலும் 51 என்றுதான் படிப்பார்கள்.

“வாயால சொல்லியிருந்தா அம்பத்தேழுன்னு காதுல விழுந்திருக்கும்,” என்றார் வக்கீலம்மா. “அம்பத்தொண்ணுன்னு கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இந்தத் தாளைப் பார்த்துத்தான் அந்த ஆளு டாக்டர்கிட்ட ஒப்பிச்சிருக்கார்.”

அவர் தாளைப் படமெடுத்துத் தனக்குத் தெரிந்த போலீஸ் அதிகாரிக்கும் பாய்லர் துறைத் தலைமை அதிகாரிக்கும் அனுப்பினார். இரண்டு பேரிடமும் போனில் அரை நிமிஷம் பேசினார். அவர்கள் வந்து சேர இருபது நிமிஷம் ஆகும். நர்ஸிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவள் செருப்பைக்கூட மாட்டாமல் பாய்லர் அறைப் பக்கம் ஓடினாள்.

“நாம வெளிய போய்க் காத்திருக்கலாமே மேடம். ஒரு அஞ்சு கிலோமீட்டர் தள்ளி,” என்றான் சுருட்டை.

“நீ போ. நான் மேனேஜரைப் பார்த்துட்டு வர்றேன்.”

அவன் முனகிக்கொண்டே அவர் பின்னால் மாடிப்படி ஏறினான்.

மேனேஜரின் அறை மாடியில், ஆலையைப் பார்த்த கண்ணாடி ஜன்னலோடு இருந்தது. சுத்தமாகச் சவரம் செய்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். உட்காரச் சொல்லி, இன்ஸ்பெக்டரின் குடும்பத்தைப் பற்றி வருத்தமாக விசாரித்தார். அவரைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்று கேட்காமலே சொன்னார். வக்கீலம்மா கேஸ் ஷீட்டையும் கார்பன் பிரதியையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

மேனேஜர் இரண்டையும் பார்த்தார். அவர் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. அவசரத்தில் யாரோ ஒரு தாளைக் கையில் திணித்திருக்கலாம், கண்ணில் பட்ட இரண்டொன்றைச் சொல்லியிருக்கலாம், அதெல்லாம் ஒரு குற்றமா என்று கேட்டார்.

“ரெண்டாவது வரி வயசு, சொல்லியிருக்கீங்க,” என்றார் வக்கீலம்மா. “மூணாவது வரி சர்க்கரை, சொல்லியிருக்கீங்க. அஞ்சாவது வரி பென்சிலின், அதையும் சொல்லியிருக்கீங்க. நாலாவது வரியை நீங்களே படிங்க.”

மேனேஜர் படிக்கவில்லை. சுருட்டை குனிந்து அவருக்காகப் படித்தான். ‘ஏழு வருடம் முன்பு மூளையில் ரத்தக்கசிவு.’ அதன் அடியில் இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை கோடு போட்டிருந்தார்.

“மூணாவது வரியும் அஞ்சாவது வரியும் தெரிஞ்ச கண்ணுக்கு நடுவுல இருக்குறது தெரியலயா சார்?” என்று கேட்டான்.

கீழேயிருந்து வந்த அதிர்வு நாற்காலி வழியாக முதுகுத்தண்டில் ஏறிக்கொண்டிருந்தது. மேனேஜர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். சத்தமே இல்லாமல், யாருக்கோ கணக்குப் பாடம் விளக்குகிற மாதிரி.

“நான் திட்டம் எதுவும் போடல. அவரைப் பிழைக்க வைக்கணும்னுதான் காரை அவ்வளவு வேகமா ஓட்டினேன். அந்தத் தாளை ஆஸ்பத்திரி வாசல்லயே படிச்சுட்டு, ஒண்ணொண்ணா டாக்டருக்குச் சொல்லிட்டேதான் இருந்தேன். அந்தப் பொண்ணுதான் கேட்டா. இருந்தா உயிர் போயிடும்னு அவளே சொன்னா. எழுந்து வந்தார்னா பாய்லரை நிறுத்துவார், கம்பி கட்டினதுக்கு என்னை ஜெயிலுக்கு அனுப்புவார். அது அந்த நிமிஷம்தான் மனசுல வந்துச்சு.” மேஜை மேலிருந்த இரண்டு தாளையும் தள்ளி வைத்தார். “நான் அவரைத் தொடவே இல்ல. ஒரு வார்த்தைதான் சொன்னேன்.”

“தொட்டீங்க,” என்றார் வக்கீலம்மா. “சொல்ல வந்த கையைப் பிடிச்சு அழுத்தினீங்க. ஆஸ்பத்திரி நர்ஸ் பார்த்திருக்காங்க.”

மேனேஜர் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றார். நாற்காலியின் அதிர்வு குறைந்துகொண்டு வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் புகை மெலிந்தது. அவர் போனை எடுத்துப் பாய்லர் அறைக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. ஆலை நர்ஸின் வீட்டுக்காரர் பாய்லர் அடுப்புக்குப் போகும் எண்ணெயை அடைத்துவிட்டு, இருந்த அத்தனை பேரையும் வெளியே கிளப்பியிருந்தார். முற்றத்தில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பாய்லர் அறையையே திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கேட்டைத் தாண்டினார்கள். போலீஸோடு வந்து சேர்ந்த பாய்லர் துறை அதிகாரி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முகம் வெளிறித் திரும்பினார். பிரஷர் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றிருந்தது. இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று சுருட்டை கேட்டான். நாள் கணக்கில் கேட்காதீர்கள் என்றார் அவர்.

மேனேஜரின் மேஜை இழுப்பறையில் சிவப்பு நோட்டு இருந்தது. அதை எரிக்க ஏன் மனம் வரவில்லை என்று போலீஸ் கேட்டபோது அவர் இழுப்பறையைத் தள்ளி மூடினார்.

மறுநாள் பத்து மணிக்கு விசாரணைக் குழுவின் முன்னால் கேஸ் ஷீட்டும் கார்பன் பிரதியும் வைக்கப்பட்டன. பதினைந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. டாக்டர் செய்தது சரியான சிகிச்சை, எழுதியது கேட்ட பதில், அன்றைக்கே வேலையில் சேரலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவள் அந்தக் காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். சந்தோஷப்படுகிற முகமாக இல்லை.

இன்ஸ்பெக்டரின் மனைவி மாடிப்படி ஏறி வந்தார். தான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற வந்தவர். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். வக்கீலம்மா சுருட்டையின் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

“அன்னைக்கு நான் வந்து தலையில ரத்தம் கசிஞ்சதைச் சொன்னதும் உங்க முகம் அப்படியே செத்துப்போச்சு,” என்றார் அந்த அம்மாள். “தப்பு பண்ணின முகம்னு நினைச்சேன்.”

“ஊசி போட்டது என் கைதாம்மா. அது மாறாது.”

அந்த அம்மாள் அந்தக் கையைப் பார்த்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொப்புளம் உடைந்து காய்ந்த கறுப்புத் தழும்பு. அன்றைக்கு மதியம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன மூன்று மணி நேரமும் ஆம்புலன்ஸில் மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டு வந்தது அந்தக் கைதான். டிரைவருக்குப் பக்கத்திலிருந்த உதவியாளர் இரண்டு தடவை மாற்றிக்கொள்ளக் கேட்டும் அவள் கொடுக்கவில்லை. எதிரில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்தபடி வந்தும், இந்தப் பன்னிரண்டு நாளும் அது ஞாபகத்துக்கே வரவில்லை அந்த அம்மாளுக்கு.

அவர் நகர்ந்து வந்து அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“வலிச்சிருக்குமேம்மா,” என்றார்.

டாக்டர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கீழே யாரோ நெஞ்சு வலி என்று வந்திருப்பதாக நர்ஸ் வந்து கூப்பிடும் வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.